காலராவை எதிர்த்து நின்ற அறிஞர் ஹாஃப்கின்

கல்விக்கூடத்தின் கதவு ஒருவனுக்குத் திறந்திருந்தும், கற்றபின் அடையவேண்டிய பதவியின் கதவு அவன் பிறப்பைக் காரணங்காட்டி அடைக்கப்படுமாயின் அவன் என் செய்வான்? சினந்து ஒதுங்கலாம்; பிறப்பை மறைத்துப் பிழைக்கலாம்; அன்றிக் கற்ற கல்வியையே துணையாகக் கொண்டு உலகிற்கு உழைக்கலாம். இம்மூன்றனுள் இறுதி வழியைத் தேர்ந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். நம் நாட்டின் சேரிகளில் காலராவோடு போராடிய அப்பெருமகனாரின் வரலாற்றை, நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளி விழா மலரில் நம் மாணவர்கள் படித்தறிதல் பொருத்தமுடைத்து.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டில் உள்ள அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ஜார் மன்னர் ஆட்சியில் யூதர்கள் எங்கு வாழலாம், எத்தொழில் செய்யலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. இந்நிலையிலும் அவர் 1879இல் ஒடெசாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் மெச்னிகாவ் அங்கு அவர்தம் ஆசிரியராக வாய்த்தார். 1881இல் யூதர்மீது வன்முறை மூண்டபோது, தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர்களுடன் ஹாஃப்கினும் நின்றார், காயமுற்றார், சிறைப்பட்டார். ஆசிரியரின் முயற்சியே அவரை மீட்டது.

படிப்பு முடிந்தது. ஆற்றலுக்கும் குறைவில்லை. ஆயினும், ரஷ்யத் திருச்சபையின் சமயத்தைத் தழுவினாலன்றிப் பல்கலைக் கழகத்தில் உயர்பதவி இல்லை என்றாயிற்று. தம் பிறப்பை விலையாகக் கொடுத்துப் பதவி பெற அவர் இசையவில்லை. நகரின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எளிய பணியொன்றில் அமர்ந்து நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். 1888இல் தாய்நாட்டை விட்டு நீங்கி ஜெனீவா சென்றார். மறு ஆண்டு பாரிசிலுள்ள பாஸ்டியர் நிலையத்தை அடைந்தார். அங்கு அப்போது காலியாக இருந்தது உதவி நூலகர் பணி ஒன்றே. அதனையும் மனமுவந்து ஏற்றார். நூலகப் பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக் கூடத்தில் கழிந்தது.

அவர் ஆராயத் தொடங்கியது காலராக் கிருமியை. வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சி நடுங்கிய நோய் அதுவே. தீய காற்றால் வருவது என்றும், தெய்வத்தின் சினத்தால் வருவது என்றும் மக்கள் நெடுங்காலம் நம்பினர். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1883-84ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, வளைந்த உருவமுடைய ஒரு நுண்ணுயிரே அந்நோய்க்குக் காரணம் என நிறுவினார். நோயாளியின் மலத்தில் வெளிப்படும் அக்கிருமி குளத்து நீரிற் கலக்கிறது. அந்நீரைப் பருகுவோரின் உடலிலும், அந்நீர் பட்ட உணவை உண்போரின் உடலிலும் புகுகிறது. சிறுகுடலில் அது உண்டாக்கும் நச்சுப்பொருளால் உடலின் நீரும் உப்பும் பேதியாக வெளியேறுகின்றன. மருத்துவம் கிட்டாவிடின் சில மணி நேரத்திற்குள்ளேயே உயிர் பிரிதலும் உண்டு.

இக்கிருமியைப் பலமுறை கினிப்பன்றிகளின் உடலிற் செலுத்தி அதன் வீரியத்தை மிகுவித்தும், வேறொரு முறையால் அதன் வீரியத்தைக் குறைத்தும், இருவகைத் தடுப்பு மருந்துகளை ஹாஃப்கின் உருவாக்கினார். முதலில் வீரியம் குன்றியதையும், சில நாள் கழித்து வீரியம் மிக்கதையும் ஊசி வழியாகச் செலுத்துவதே அவர்தம் முறை. அதனை முதலிற் சோதித்தது யார் உடலில்? தம் உடலிலேயே! 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். காய்ச்சல் கண்டது, பின் நலம் பெற்றார்.

இம்மருந்தின் பயனைக் காலரா நிலைத்திருக்கும் நாட்டில்தான் அறிய இயலும். முன்னர் இந்தியாவின் வைசிராயாக இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவர் துணையால் 1893இல் ஹாஃப்கின் இந்தியா வந்தார். ஆக்ராவில் தொடங்கி, வட இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று, விரும்பி முன்வந்தோர்க்கு ஊசி போட்டார். ஏறத்தாழ ஈராண்டுகளில் 42,000க்கும் மேற்பட்டோர் அவர் மருந்தைப் பெற்றனர்.

1894 மார்ச்சுத் திங்கள் இறுதியில், கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்சன் அவரை அழைத்தார். ஒரு சேரிக் குளத்து நீரில் காலராக் கிருமி உள்ளதா என்று கண்டறிய உதவுமாறு வேண்டினார். காட்டல் பாகான் பகுதியில் இரு குளங்களைச் சூழ்ந்து ஏறத்தாழ 200 ஏழை மக்கள் வாழ்ந்தனர். குடிப்பதும் குளிப்பதும் அந்நீரிலேதான். அங்கு நோய் கண்டு சிலர் மடிந்திருந்தனர். ஹாஃப்கின் அவர்களுள் 116 பேருக்கு ஊசி போட்டார். அதன்பின் அச்சேரியில் பத்துப் பேரை நோய் பற்றியது, எழுவர் இறந்தனர். அப்பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே! ஒரே குடிசை, ஒரே குளம், ஒரே உணவு. எனினும் ஊசி போட்டுக்கொண்டோர் தப்பினர். இவ்வாறு ஒரே சூழலில் வாழும் இருசாராரை ஒப்பிட்டு உண்மை காண்பதே அவர்தம் ஆய்வு நெறியாக இருந்தது. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அவர் இப்பணியைச் செய்தார். மலேரியா நோய் அவர் உடலை நலித்தும் பணி நிற்கவில்லை.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அக்டோபரில் அங்குச் சென்ற ஹாஃப்கின், மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையிலும் தாழ்வாரத்திலும் ஆய்வுக்கூடம் அமைத்து, சில உதவியாளர்களைக் கொண்டே தடுப்பு மருந்தை ஆக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனையும் தம் உடலிலேயே முதலிற் செலுத்திக்கொண்டார்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபில் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேர் பிளேக் ஊசி பெற்றனர். அவர்களுள், ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வில்வாத நோயால் இறந்தனர். பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டது என்று பழி சுமத்தப்பட்டது. ஹாஃப்கின் பதவியிழந்து இந்தியாவை விட்டு நீங்கினார். உண்மையோ வேறு. புட்டியைத் திறந்த ஊரில், தரையில் விழுந்த இடுக்கியொன்று முறைப்படி தூய்மை செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டது என்னும் செய்தி விசாரணைப் பதிவுகளிலேயே இருந்தது. மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907இல் அவருக்காகக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு இறுதியில் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது. ஆனால், தாம் வளர்த்த பம்பாய் ஆய்வுக்கூடம் அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. கல்கத்தாவில் பணியாற்றி ஓய்வு பெற்று, 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு 1925இலேயே ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் சூட்டப்பட்டது. இன்றும் அது அப்பெயருடனேயே விளங்குகிறது.

அவர் ஆக்கிய காலரா மருந்து இன்று வழக்கில் இல்லை. வாய்வழி உட்கொள்ளும் தடுப்பு மருந்துகள் வந்துவிட்டன. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைப் பருகச் செய்து எண்ணற்ற உயிர்கள் காக்கப்படுகின்றன. எனினும் மலம் கலந்த நீரைப் பருக நேரும் இடங்களிலெல்லாம் காலரா இன்னும் தலைகாட்டுகிறது. மருந்து ஒருவரைச் சில காலம் காக்கும். தூய நீரே ஊர் முழுவதையும் என்றும் காக்கும்.

கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால், நல்ல கிணறு யாருக்கு, பாசி படிந்த குட்டை யாருக்கு என்பதை மனிதன் சாதி பார்த்து வகுத்தான். அதனால் சேரியிற் சாவு மிகுந்தபோது, அது அம்மக்களின் பிறவிக் குறை என்றும் சொல்லிவைத்தான். குறை பிறப்பில் இல்லை, நீரில் உள்ளது என்பதை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்தது. அந்த அறிவை நம் பிள்ளைகள் பெறவேண்டும். பெற்றவர்கள் தம் தெருவின் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் கண்காணித்து, தூய நீரை உரிமையாகக் கேட்டுப் பெறவேண்டும். பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவர், ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரிக் குளத்தருகே நின்று செய்த தொண்டிற்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.