கோள்நெறி கண்ட கெப்ளர்

விண்ணில் ஒளிரும் சுடர்களை மாந்தர் பன்னெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். ஞாயிறு கிழக்கே எழுந்து மேற்கே மறைகின்றது. விண்மீன்கள் தம்முள் நிலை மாறாமல் கூட்டங்கூட்டமாய் நகர்கின்றன. செவ்வாய், வியாழன் முதலிய கோள்களோ விண்மீன்களினிடையே இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன; சிற்சில காலங்களில் பின்னோக்கிச் செல்வன போலவும் தோன்றுகின்றன. இவ்வியக்கத்தின் நெறி யாது என்னும் வினாவிற்கு விடை கண்டவர் யோகான் கெப்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் வைல் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தையார் கூலிப்படை வீரர். அயல்நாட்டுப் போர்களில் அலைந்து, இறுதியில் வீடு திரும்பாமலே மறைந்தார். அன்னையார் கத்தரீனா மூலிகை மருந்துகளை அறிந்தவர். இளமையில் கண்ட அம்மைநோயால் கெப்ளரின் பார்வை மங்கிற்று. எனினும், 1577ஆம் ஆண்டு வால்மீன் தோன்றியபோது, அன்னையார் அவரை மேட்டு நிலத்திற்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். அக்காட்சி சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

சமயக் கல்வி பெறும் பொருட்டுக் கெப்ளர் தியூபிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆங்கு மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவருக்கு உணர்த்தினார். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இரவும் பகலும் உண்டாகின்றன. ஞாயிற்றைச் சுற்றி வருவதால் ஓர் ஆண்டு நிறைகின்றது என்பதே அக்கொள்கை. 1594இல் கெப்ளர் கிராஸ் நகரில் கணித ஆசிரியரானார். தம் சமயத்தைக் கைவிட மறுத்தமையால், 1600இல் அந்நகரை விட்டு வெளியேற்றப்பட்டார்.

போக்கிடமின்றித் தவித்த கெப்ளருக்குப் பிராக் நகரில் டைக்கோ பிராகி இடமளித்தார். தொலைநோக்கி தோன்றாத அந்நாளில், டைக்கோ பெருங்கருவிகளைக் கொண்டு வெறுங்கண்ணாலேயே கோள்களின் நிலைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அளந்து குறித்து வைத்திருந்தார். 1601இல் அவர் மறையவே, அக்குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. கூரிய கண்ணுடையார் சேர்த்த செல்வம், மங்கிய கண்ணும் கூரிய மதியும் உடையாரிடம் சேர்ந்தது.

கோள்கள் வட்டமாகவே சுழலும் என்பது முன்னோர் அனைவரும் ஐயமின்றிக் கொண்ட முடிபு. கெப்ளரும் செவ்வாய்க்கு ஒரு வட்டநெறி வகுத்துப் பல்லாண்டு கணக்கிட்டார். கணக்கு ஏறத்தாழப் பொருந்திற்று. எட்டுக் கலை அளவே வேறுபட்டது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறே கலை எனப்படும். முழுமதியின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை. எனவே, பிழை முழுமதியின் அகலத்தில் காற்பங்கே ஆகும். பிறராயின் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருப்பர். டைக்கோவின் அளவு அத்துணைப் பிழைபடாது என்பதைக் கெப்ளர் அறிவார். ஆதலின், அரும்பாடுபட்டு ஆக்கிய தம் கணக்கையே துறந்து மீண்டும் தொடங்கினார்.

முடிவில் உண்மை புலப்பட்டது. கோள்களின் வழி வட்டமன்று, நீள்வட்டம். ஞாயிறு அதன் நடுவில் இல்லாமல், குவியம் எனப்படும் ஒரு புள்ளியில் உள்ளது. ஞாயிற்றை அணுகுங்கால் கோள் விரைந்தும், அகலுங்கால் மெல்லவும் செல்லும். இவ்விரு விதிகளும் 1609இல் வெளிவந்தன. பூமியும் ஜனவரியில் ஞாயிற்றை அணுகி விரைகின்றது. ஜூலையில் அகன்று மெல்லச் செல்கின்றது. அதனாலேயே, இரவும் பகலும் ஒத்த மார்ச்சு நாள் முதல் அத்தகைய செப்டம்பர் நாள் வரை ஏறத்தாழ 186 நாள்களும், அதுமுதல் மீண்டும் மார்ச்சு வரை 179 நாள்களும் ஆகின்றன. நாள்காட்டியைக் கொண்டு எண்ணுவார் எவரும் இதனைக் காணலாம்.

1618இல் கெப்ளர் மூன்றாம் விதியையும் கண்டார். கோளின் தொலைவை மும்முறை பெருக்கிய அளவும், அது ஞாயிற்றைச் சுற்றும் காலத்தை இருமுறை பெருக்கிய அளவும் ஒரே விகிதத்தில் அமையும். தொலைவு நான்கு மடங்காயின், காலம் எட்டு மடங்காகும்.

இதற்கிடையில் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. சூனியக்காரி என்று 1615இல் பழிசுமத்தப்பெற்ற அவர் அன்னையார், 1620இல் சிறைப்பட்டார். எழுபது அகவை கடந்த அம்மூதாட்டியைச் சங்கிலியால் பிணைத்தனர்; வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தினர். அவரோ செய்யாத குற்றத்தை ஒப்பவில்லை. கெப்ளர் தம் பணியை நிறுத்தி நெடுந்தொலைவு சென்று, சாட்சிகளின் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுப்புரை வரைந்தார். பதினான்கு திங்கள் சிறையிலிருந்த அன்னையார் 1621இல் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே உயிர் நீத்தார்.

கோள்களின் நிலைகளை முன்னறிவதற்கான அட்டவணைகளைக் கெப்ளர் 1627இல் வெளியிட்டார். தமக்கு வரவேண்டிய பொருளைப் பெறச் சென்ற பயணத்தில் நோயுற்று, 1630ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் காலமானார். பின்னர் நிகழ்ந்த போரில் அவர் கல்லறையும் அழிந்தது. ஆயினும், 1631ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் என்று அவர் முன்னரே கணித்திருந்தார். அந்நாளிலேயே பாரிசு நகரில் காசெண்டி என்னும் அறிஞர் அதனைக் கண்டார்.

சிறு பிழையென்று எட்டுக் கலையைக் கெப்ளர் புறக்கணித்திருப்பின், கோள்நெறி அவருக்குப் புலப்பட்டிராது. பலர் கூறினர் என்பதனால் பழியை மெய்யென்று கொண்டிருப்பின், அன்னையார் உயிர் பிழைத்திரார். விண்ணிலும் மண்ணிலும் மெய்ம்மை ஒன்றையே நாடிய அவர் வாழ்வு, கற்பார் அனைவர்க்கும் நல்வழி காட்டுவதாகும்.