சொல்லுக்குள் தீயைக் கண்டவர்: பெஞ்சமின் லீ வோர்ஃப் வரலாறு

பெட்ரோல் நிறைந்த டிரம் இருக்குமிடத்தில் பீடி பற்றவைக்க எவரும் துணியார். அதே டிரம்மிலிருந்து பெட்ரோலை வடித்துவிட்டு, அதை ஒரு மூலையில் உருட்டித் தள்ளி, அதற்குக் 'காலி' என்று பெயரும் இட்டுவிட்டால், அதன் மேலேயே அமர்ந்து பீடி பற்றவைப்பார்கள். உண்மை யாதெனில், நிறைந்த டிரம்மைக் காட்டிலும் காலி டிரம்மே கொடியது. திரவம் போன இடத்தில் ஆவி நிற்கிறது. அவ்வாவி காற்றோடு கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. பெயர் 'காலி' என்கிறது. கண்ணும் அதையே நம்புகிறது. கை தீக்குச்சியைக் கிழிக்கிறது. இத்தகைய விபத்துகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, மொழி மனிதனுடைய எண்ணத்தை எவ்வாறு நடத்திச் செல்கிறது என்னும் பெரிய கேள்வியை உலகின் முன் வைத்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆவார். அவருடைய வாழ்வு தொழிலாளராகிய நாம் அறிய வேண்டிய ஒன்று.

வோர்ஃப் 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டன் நகரையடுத்த வின்த்ராப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வர்த்தக ஓவியர். உடன்பிறந்த இருவருள் ஒருவர் ஓவியராகவும் மற்றவர் நடிகராகவும் விளங்கினர். மூத்தவராகிய வோர்ஃபோ இரசாயனத்தின்பால் மனம் செலுத்தினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் பயின்று 1918இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஹார்ட்ஃபோர்ட் தீ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் தீத்தடுப்புப் பணியில் அமர்ந்தார். தொழிற்சாலைகளை நேரிற்சென்று பார்வையிடுவதும், தீ எங்கே எவ்வாறு பற்றக்கூடும் என்று ஆய்வதும், பற்றிய தீக்குக் காரணம் கண்டறிவதும் அவருடைய வேலை. அவ்வேலையைத் தம் இறுதி நாள்வரை, ஏறக்குறைய 22 ஆண்டுகள் விடாது செய்தார். 1920இல் மணம் புரிந்து மூன்று மக்களுக்குத் தந்தையானார்.

தொழில் அவர் வயிற்றைக் காத்தது. மனமோ வேறொன்றைத் தேடியது. விஞ்ஞானத்துக்கும் சமயத்துக்கும் நேர்ந்துள்ள பிணக்கு அவரை வாட்டியது. விவிலியத்தின் மூலமொழியை அறிந்தால் தெளிவு கிடைக்கும் என்றெண்ணி ஹீப்ரு பயிலத் தொடங்கினார். அங்கிருந்து மொழிகளின்பால் ஏற்பட்ட ஆவல் அவரை ஹார்ட்ஃபோர்ட் நகரிலிருந்த வாட்கின்சன் நூலகத்துக்கு இட்டுச் சென்றது. அமெரிக்காவின் பழங்குடி மக்களுடைய மொழிகளைப் பற்றிய நூல்கள் அங்கே மிகுதியாக இருந்தன. வேலை முடிந்த மாலை நேரங்களிலும் ஓய்வு நாட்களிலும் ஆஸ்டெக் மொழியையும், மாயா மக்களின் எழுத்தையும் தாமே பயின்றார். 1928இல் அறிஞர் மாநாட்டில் கட்டுரை படிக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1930இல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ சென்று, அங்கே வழங்கும் மொழியை மக்களிடமே கேட்டறிந்தார்.

1931இல் எட்வர்ட் சபீர் என்னும் பெரும் மொழியறிஞர் யேல் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தார். வோர்ஃப் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். பட்டத்தை நாடிச் சேர்ந்தவர் அல்லர். அறிவை நாடியே சேர்ந்தார். 1937இல் அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் சிறிது காலம் இருந்தார். ஆயினும் நிலையான கல்விப் பதவியை அவர் விரும்பவில்லை. கம்பெனி வேலையே தமக்குப் பிழைப்பையும், மனம்போல் ஆராயும் சுதந்திரத்தையும் தருகிறது என்று கருதினார். கற்பதற்குக் கல்லூரி மண்டபம் இன்றியமையாதது என்று எண்ணித் தயங்கும் நம் இளைஞர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, அவர் தீயிலிருந்து கற்ற பாடங்களைக் காண்போம்.

தோல் பதனிடும் சாலை ஒன்றில் கழிவு நீரைத் தேக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு பகுதி பலகையால் மூடப்பட்டும் மறு பகுதி திறந்தும் இருந்தது. எல்லோரும் அதை நீர்க்குட்டை என்றே வழங்கினர். அருகே ஊதுவிளக்கைப் பற்றவைத்த தொழிலாளி ஒருவர், எரிந்த தீக்குச்சியை அந்த நீரில் எறிந்தார். நீரில் எறிந்தால் நெருப்பு அணையும் என்பது எவரும் அறிந்ததன்றோ? ஆனால் அந்நீரில் கிடந்த தோலின் கழிவுகள் அழுகி, எரியும் வாயுவாகிப் பலகையின் கீழே தங்கியிருந்தன. நெருப்பு அணையவில்லை, பலகையைப் பற்றி அடுத்த கட்டடத்துக்கும் தாவியது.

மற்றோரிடத்தில் மரத்தை வடிக்கும் ஆலையின் பாத்திரங்களுக்குச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்த பொருளைப் போர்வையாகப் பூசியிருந்தனர். கல் எரியுமா? எரியாது என்று எண்ணி அதைத் தீயிலிருந்து காக்க எவரும் முயலவில்லை. ஆலையிலிருந்து எழுந்த அசிட்டிக் அமில ஆவி அச்சுண்ணாம்பை நாளடைவில் வேறொரு பொருளாக்கிவிட்டது. சூடேறினால் எரியும் அசிட்டோனைக் கக்கக்கூடிய பொருள் அது. ஒரு நாள் தீ தீண்டவே 'கல்' கொழுந்துவிட்டு எரிந்தது. பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

தோல் உலர்த்தும் அறை ஒன்றில் காற்றை ஊதும் பொறியை அறையின் தலைப்பில் வைத்திருந்தனர். பொறியின் பேரிங் சூடேறித் தீப்பிடித்தது. பொறி தன் கடமையைத் தவறாது செய்தது: தீயைத் தோல்களின்மேல் ஊதியது. இருந்த சரக்கு முழுதும் அழிந்தது. அப்பொறியை அறையின் மறுகோடியில் வைத்துக் காற்றை உள்ளிருந்து வெளியே இழுக்கச் செய்திருந்தால், தீயும் வெளியே போயிருக்கும். காற்றை ஓடச் செய்வதே அதன் வேலை. ஊதவும் செய்யும், இழுக்கவும் செய்யும். ஆனால் பெயர் 'ஊதி' என்று அமைந்துவிட்டமையால், ஊதும் இடத்திலேயே அதைப் பொருத்தினர். காற்றை ஊதும் பொறி நெருப்பையும் ஊதும் என்பதை மறந்தனர்.

இவ்வரலாற்றை எழுதுவோன் இளமையில் ஒரு பஞ்சாலையில் வேலை செய்தவன். அங்கே நல்ல பஞ்சு அடுக்கிய கிடங்கின் வாயிலில் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கும். கழிவுப் பஞ்சு கொட்டும் கொட்டகையில் ஒரு வாளியும் இல்லை. அதற்கு 'வேஸ்ட்' என்று பெயர். வேஸ்டைக் காக்க யார் வாளி வைப்பார்? எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் கழிவே நல்ல பஞ்சைக் காட்டிலும் எளிதில் பற்றக்கூடியது என்பதை ஒரு நாள் இரவு ஷிப்டில் அறிந்தோம். என்னோடு நின்ற தோழர் ஒருவரின் இரு கைகளும் வெந்தன. பின்னர்ப் பல்லாண்டுகள் கழித்து வோர்ஃபின் கட்டுரையைப் படிக்கக் கேட்டபொழுது, அந்தக் கைகளே என் கண்முன் நின்றன. எங்கள் கண்களை மறைத்தது புகையன்று. ஒரு சொல் என்பதை அன்றே உணர்ந்தேன்.

வோர்ஃப் இவ்வளவில் நிற்கவில்லை. தனிச் சொல் ஒன்று மனிதனை இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லுமாயின், மொழியின் முழு அமைப்பும் அவனை எங்கே இட்டுச் செல்லும் என்று வினவினார். விடை காண அவர் நாடியது ஹோபி மொழியை. ஹோபியர் அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலத்தில் சோளம் விளைவித்து வாழும் தொன்மையான குடியினர். நியூயார்க் பகுதியில் வாழ்ந்த ஹோபியர் ஒருவரிடம் 1932 முதல் அம்மொழியைக் கற்றார்; 1938இல் அவர்களுடைய ஊருக்கும் சென்று வந்தார். நாகரிகமற்றவர் என்று பலர் ஒதுக்கிய அம்மக்களின் மொழியில் வியத்தகு நுட்பங்களைக் கண்டார். ஒரே ஓர் அலை எழுவதைக் குறிக்கும் வினைச்சொல்லின் வடிவை முறைப்படி மாற்றினால், அலை தொடர்ந்து புரண்டு கொண்டிருப்பதைக் குறிக்கும். இத்தகைய அதிர்வுகளை உரைப்பதில் ஆங்கிலத்தினும் ஹோபி மொழி தெளிவுடையது என்று அவர் எழுதினார்.

காலத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியே பெரிதும் பேசப்பட்டது. பத்து ஆட்கள் என்கிறோம். பத்து நாட்கள் என்றும் கூறுகிறோம். பத்து ஆட்களை ஒருங்கே நிறுத்திக் காணலாம். பத்து நாட்களை அவ்வாறு நிறுத்த இயலுமா? இயலாது. ஆயினும் மொழி அவற்றை ஒரே அச்சில் வார்க்கிறது. காலத்தை நீளம் என்கிறோம், குறுகியது என்கிறோம், செலவழிக்கிறோம், மிச்சப்படுத்துகிறோம். காலம் ஒரு கயிறுபோலவும் காசுபோலவும் ஆகிவிடுகிறது. இவை உவமைகள் என்பதையே மறந்துபோகிறோம். ஹோபியரோ, வோர்ஃபின் கருத்துப்படி, நாட்களை அவ்வாறு குவியலாக எண்ணுவதில்லை. நேற்று வந்த அதே விருந்தினர் இன்றும் வருவதுபோல நாள் திரும்பி வருகிறது. ஆகையால் இன்று செய்யும் ஆயத்தம் நாளை வருவோனிடத்தும் பயன் தரும். அம்மக்கள் எச்செயலுக்கும் நெடிது ஆயத்தம் செய்வதற்கு இந்நோக்கே காரணம் என்று அவர் கருதினார்.

1939இல் ஆசிரியர் சபீர் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த மலருக்கு வோர்ஃப் எழுதிய கட்டுரையிலேதான் மேலே கூறிய தீ விபத்துகளும் ஹோபியரின் காலமும் ஒருங்கே இடம்பெற்றன. அது 1941இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள், தம் 44ஆம் வயதில், புற்றுநோயால் வோர்ஃப் காலமானார். அவருடைய கட்டுரைகள் 1956இல் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்ட பின்னரே உலகெங்கும் அவர் பெயர் பரவியது.

அவருடைய கட்டுரைகளுள் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. மொழி, மனம், மெய்ம்மை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய அக்கட்டுரை, சென்னை அடையாறிலிருந்து வெளிவந்த தியாசபிஸ்ட் இதழில், அவர் மறைவுக்குப் பின் 1942இல் அச்சேறியது. அதில் நாமம், ரூபம் என்னும் நம் நாட்டுச் சொற்களையே அவர் எடுத்தாண்டார். தம்மத்தில் நாமம் என்பது மனத்தின் கூறுகளைக் குறிப்பது. வோர்ஃப் அதைப் பெயரிடும் நிலை என்ற அளவிலே கொண்டார். பொருள் சற்று வேறாயினும் நாட்டம் நமக்கு அயலானதன்று. தேர் என்பது அச்சோ சக்கரமோ அன்று, அவை கூடியவிடத்து வழங்கும் ஒரு பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதை அறிந்த நாம், பெயரைப் பொருளென்று மயங்குதல் பழைய நோய் என்பதை உணர்வோம். எந்த மொழியினரும் தம் மொழியின் வழக்கையே உலகின் இயற்கை என்று எண்ணிச் செருக்குறலாகாது என்பதும், மொழிகள் பலவாதலை அறிதல் மனிதரிடையே சகோதரத்துவத்தை வளர்க்கும் என்பதும் அவருடைய நம்பிக்கை.

புகழ்ந்துரைக்கும் நாம் குறையையும் மறைத்தலாகாது. காலத்தைப் பற்றி வோர்ஃப் கூறியவை மிகை என்று பின்வந்தோர் காட்டினர். எக்கெஹார்ட் மலாட்கி என்னும் அறிஞர் 1983இல் வெளியிட்ட பெருநூலில், ஹோபி மொழியிலும் காலத்தைக் குறிக்கும் சொற்களும் வழக்குகளும் நிறைய உள்ளன என்று மெய்ப்பித்தார். மொழி மனிதனைச் சிறையிலிட்டுப் பூட்டிவிடுகிறது என்னும் கொள்கையை இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் மொழி எண்ணத்தைச் சாய்க்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. வெளிர் நீலத்துக்கும் கருநீலத்துக்கும் ரஷ்ய மொழியில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. அவ்விரு பெயர்களின் எல்லைக்கு இருபுறமுள்ள நிறங்களை ரஷ்யர் விரைந்து வேறுபடுத்துகின்றனர் என்பது 2007இல் வெளியான சோதனையிற் புலப்பட்டது. வாதத்தைப் போர் என்றும், காலத்தைப் பணம் என்றும் வழங்கும் உவமைகளே நம் நடத்தையை வகுக்கின்றன என்று லேக்காஃப், ஜான்சன் என்னும் இருவர் 1980இல் நூல் இயற்றினர். வாதத்தைப் போர் என்பவன் வெல்லவே பேசுவான். உண்மையைத் தேடப் பேசமாட்டான். வோர்ஃப் மூட்டிய விளக்கு சிற்சில இடங்களில் புகைந்ததேனும் அணையவில்லை.

அன்பர்களே! சொல் இன்றி நாம் வாழ இயலாது. சொல்லை விட்டொழியுமாறு வோர்ஃபும் கூறவில்லை. பெயரைக் கேட்டவுடன் நில், பொருளைப் பார், பிறகு கையை நீட்டு என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். காலி என்ற டிரம்மினருகே நெருப்பைக் கொண்டு செல்லுமுன் அதனுள் எஞ்சியிருப்பது யாது என்று வினவுங்கள். வேஸ்ட் என்ற கொட்டகையின் வாயிலிலும் ஒரு மணல் வாளியைத் தொங்கவிடுங்கள். பொருள்களுக்கு மட்டுமன்றி, மனிதருக்கும் பெயர்கள் இடப்பட்டுள்ளன. உயர்ந்தவன் என்றும் தாழ்ந்தவன் என்றும் நாகரிகமற்றவன் என்றும் ஒட்டப்பட்ட அப்பெயர்களைக் கேட்கும்போதும் அவ்வாறே நின்று, பெயரின் பின்னே நிற்கும் மனிதனைப் பாருங்கள். ஹோபியரின் ஊருக்குச் சென்ற அந்தத் தீத்தடுப்பு ஊழியர் செய்தது அதுவே.