சுங்கம் தவிர்த்த சோழன்

சீனத்துடன் வியாபாரம் செய்வதால் ஆப்பிரிக்க தேசங்கள் வளம் பெறுமா, கடனாளியாகுமா என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நடைபெற்று வருகிறது. 2000ஆம் வருஷத்தில் பெய்ஜிங் நகரில் சீன-ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் தோன்றிற்று. 2009 முதற்கொண்டு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வியாபாரக் கூட்டாளி சீனமே. சீனக் கடனைக் கொண்டு போடப்பட்ட மொம்பாஸா-நைரோபி ரயில் பாதை 2017இல் திறக்கப்பட்டது. அதே வருஷத்தில் நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியின் வசமாயிற்று. இச்செய்திகளைப் படிக்கும் தமிழர், தம் முன்னோர் சீனத்தோடு எந்த நிலையில் நின்று வியாபாரம் செய்தனர் என்று அறிய விரும்புவது இயல்பே. அதை அறிய உதவுவது முதற் குலோத்துங்க சோழனுடைய சரித்திரம்.

குலோத்துங்கன் தந்தை வழியில் சோழனல்லன். வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சளுக்கிய மன்னன் ராஜராஜ நரேந்திரனுக்கும், கங்கைகொண்ட சோழனாகிய ராஜேந்திரனுடைய புதல்வி அம்மங்கை தேவிக்கும் பிறந்தவன். பாட்டனாரின் பெயராகிய ராஜேந்திரன் என்பதே இவனுக்கும் இடப்பட்டது. சிதம்பரத்திற்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமாக அமைந்த கங்கைகொண்ட சோழபுரத்தில் பாட்டன் வீட்டுப் பிள்ளையாக இவன் வளர்ந்தான் என்று பரணி நூல் கூறும். தாய்மாமனாகிய இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். தந்தை மறைந்த பின்னர் வேங்கிச் சிம்மாசனம் இவனுக்குக் கிட்டவில்லை. சிற்றப்பன் விஜயாதித்தன் கையில் அது போயிற்று. பிறந்த நாட்டில் உரிமையிழந்த அவ்விளைஞன் பிற்காலத்தில் தாய்நாட்டின் உரிமையைப் பெற்றது விந்தையே.

1070ஆம் ஆண்டில் வீரராஜேந்திர சோழன் காலமானான். அவன் மகன் அதிராஜேந்திரனுடைய ஆட்சி சில மாதங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. நாட்டில் கலகம் மூண்டது. மேலைச் சளுக்கியன் விக்கிரமாதித்தன் மைத்துனனுக்கு உதவியாக வந்து பார்த்தும் பயனில்லை. அவ்வாண்டிலேயே குலோத்துங்கன் முடிசூடிக் கொண்டான். அதிராஜேந்திரன் எவ்வாறு இறந்தான், அதில் குலோத்துங்கனுக்குப் பங்குண்டா என்பது தீராத வழக்கு. அதை இங்கே கிளறுவதால் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இவன் கைக்கு வந்த ராஜ்யம் கட்டுக் குலைந்திருந்தது. ஈழம் அப்பொழுதே விஜயபாகுவின் முயற்சியால் சோழரிடமிருந்து விடுபட்டது. பாண்டிய நாடும் சேர நாடும் தலைதூக்கின. பாண்டியரையும் சேரரையும் அடக்கி, கோட்டாற்றில் நிலைப்படை வைத்தான். ஈழத்தை மீட்கப் பெருமுயற்சி செய்யவில்லை. இதனைப் பலவீனம் என்பார் உண்டு. வரவு செலவு அறிந்த அரசனின் தீர்மானம் இது என்பதே நமது கருத்து. கடலுக்கப்பால் யுத்தம் செய்வதில் வரும் லாபத்தைக் காட்டிலும் கடலுக்கப்பால் வியாபாரம் செய்வதில் வரும் லாபம் பெரிது என்பதை இவன் உணர்ந்திருந்தான் என்றே இவன் செயல்கள் காட்டுகின்றன.

அச்செயல்களுள் முதன்மையானது சுங்கத்தைத் தவிர்த்தது. வண்டியிலும் ஓடத்திலும் தலைச்சுமையிலும் செல்லும் சரக்குக்கு வழியில் வாங்கப்பட்டு வந்த வரியை இவன் நீக்கினான். சுங்கம் தவிர்த்த சோழன் என்று கல்வெட்டுக்களும் இலக்கியங்களும் இவனை அழைக்கலாயின. பேரரசு முழுவதிலும் இது நடந்ததா, சோணாட்டளவில் நின்றதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எவ்வாறாயினும், கங்கையும் கடாரமும் கொண்ட குலத்தில் வந்த ஓர் அரசன் வரி நீக்கியதால் பட்டப்பெயர் பெற்றான் என்பது கவனிக்கத்தக்கது.

சுங்கத்தை விட்டவன் பொக்கிஷத்தை எதைக் கொண்டு நிரப்பினான்? 1086இல் நிலங்களை அளப்பித்தான். ராஜராஜன் காலத்து அளவைக்குப் பின்னர் நடந்த பெரிய அளவை இதுவே. இங்கிலாந்தை வென்ற வில்லியம் அரசன் அந்நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்ததும் இதே வருஷத்தில்தான். ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்த நம்மவருக்கு வில்லியம் எடுத்த கணக்கு மனப்பாடம். குலோத்துங்கன் எடுத்த கணக்கைக் கேள்விப்பட்டவர் சிலரே. எவ்வளவு நிலம், எவ்வளவு விளைவு, எவ்வளவு வரி என்று தன் நாட்டைத் தானே அறிந்தவன் மட்டுமே அயலாரோடு தைரியமாகப் பேரம் பேச முடியும்.

இனிச் சீனத்தோடு நடந்த வியாபாரத்தைப் பார்ப்போம். ராஜராஜன் அனுப்பிய தூது 1015இல் சீன அரசவையை அடைந்தது; ராஜேந்திரனின் தூது 1033இல் சென்றது. 1077இல் மூன்றாவது தூது சென்றது. அதனை அனுப்பிய சோழ மன்னனின் பெயரைச் சீனர் தி-ஹுவா-கியா-லோ என எழுதினர். இது தேவ குலோத்துங்கன் என்பதன் திரிபென்று சரித்திர ஆசிரியர் பலர் கொள்வர். வேறு கருத்துடையோரும் உளர். தூதுவர் 72 பேர் என்று நம் நூல்களில் எழுதுவது வழக்கமாயிருப்பினும், ஸுங் வம்ச சரித்திரத்தில் காணப்படுவது 27. முத்து, கண்ணாடிப் பாத்திரங்கள், கற்பூரம், பட்டாடை, காண்டாமிருகக் கொம்பு, யானைத் தந்தம், சாம்பிராணி வகைகள், பன்னீர், கோஷ்டம், பெருங்காயம், வெண்காரம், கிராம்பு ஆகியவற்றை அவர்கள் கொண்டு சென்றனர்.

இப்பட்டியலை ஊன்றி நோக்க வேண்டும். முத்து நம்முடையது; கற்பூரமும் கிராம்பும் கீழ்த்திசைத் தீவுகளின் சரக்கு; பன்னீரும் பெருங்காயமும் பாரசீகப் பக்கத்தவை; சாம்பிராணி அரேபியாவிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைவது. ஆப்பிரிக்கத் தந்தமும் அக்காலத்தில் கீழ்த்திசைச் சந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே, ஆப்பிரிக்காவுக்கும் சீனத்துக்கும் நடுவே சரக்கை மாற்றிக் கொடுக்கும் இடமாகச் சோழமண்டலக் கரை விளங்கிற்று. நடுவிடத்தில் நிற்பவனுக்கு மேற்கிலும் ஊதியம், கிழக்கிலும் ஊதியம்.

தூதுவர் கொண்டுசென்றவற்றைச் சீனர் திறை என்று எழுதிக்கொண்டனர். நடந்ததோ வியாபாரம். பதில் மரியாதையாகச் சீனச் சக்கரவர்த்தி சோழனுக்கு 81,800 கோவைச் செப்புக்காசும், 52,000 அலகு வெள்ளியும் அனுப்பினார். கோவை ஒன்றுக்கு ஆயிரம் காசு என்பது ஏட்டுக் கணக்கு. அதன்படி எட்டுக் கோடிக்கு மேற்பட்ட காசுகளாகும். திறை வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அவருக்கு. செம்பும் வெள்ளியும் நமக்கு. பழைய சீனக் காசுக் குவியல்கள் தஞ்சை ஜில்லாவில் மண்ணுக்கடியிலிருந்து பிற்காலத்தில் கிடைத்திருக்கின்றன.

ஆயினும் இப்பெருமையில் ஒரு குறையுமுண்டு. சீனத்துக்குச் செல்லும் கடல்வழியின் வாயிலில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்டவர் வீற்றிருந்தனர். ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் அவர்களை வென்றான். வீரராஜேந்திரன் 1068ஆம் ஆண்டளவில் கடாரத்தை வென்று, அடைக்கலம் புகுந்த மன்னனுக்கே திருப்பியளித்தான். அங்ஙனமிருந்தும், 1106இல் பர்மாவிலுள்ள பகான் நாட்டுத் தூதரை எந்த மரியாதையுடன் வரவேற்பது என்ற பிரச்சினை எழுந்தபோது, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது என்று சீன மந்திரிகள் குறித்து வைத்தனர். வென்ற நாட்டுக்கே வென்றவர் அடிமை என்றாகிவிட்டது! தரகர் வாய்மொழியாக நம்மை அறியும் அயலார் நம்மைத் தரகருக்குக் கீழ்ப்பட்டவராகவே எண்ணுவர். குலோத்துங்கனின் நீண்ட ஆட்சியில் 1077க்குப் பிறகு சீனத்துக்கு வேறு தூது சென்றதாகத் தெரியவில்லை. இது அவன் கொள்கையில் நேர்ந்த குறையென்றே கூறவேண்டும்.

கடாரத்தோடு அவன் சமாதானமாயிருந்தான். அந்நாட்டு அரசனின் தூதர் கேட்டுக்கொண்டபடி, 1090இல் நாகப்பட்டினத்துப் பௌத்த விஹாரத்தின் கிராமங்களுக்கு வரிச்சலுகை அளித்துச் செப்பேடு பொறிப்பித்தான். ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டதனால் சிறிய லெய்டன் பட்டயம் என வழங்குவது அதுவே. அதே சமயத்தில் பழங்காணியாளரை விலக்கி நிலக்காணியை விஹாரச் சங்கத்தாருக்கே உரிமையாக்கினான். அந்நிய அரசனின் நட்புக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுது வந்தோர் காணி இழந்தனர் என்றால், அந்த நட்பின் விலையில் ஒரு பகுதியைக் குடிகளே கொடுத்தனர் என்றாகிறது. வியாபார உடன்படிக்கைகளைப் புகழ்வோர் இப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆப்பிரிக்காவில் சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் நிலம் விட்டவரைக் கேட்டால் புரட்டிக் காட்டுவர்.

அரசன் கொடுத்தது சலுகை. வியாபாரத்தை நடத்தியவர் வணிகரே. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னுமிடத்தில் 1088இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர், அங்கே வரும் கப்பல்கள் செலுத்த வேண்டிய பொன்னைக் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு அதில் நிர்ணயித்திருக்கின்றனர். சொந்தக் கப்பல், சொந்தச் சபை, சொந்த மொழியில் விதித்த நிபந்தனை ஆகிய மூன்றும் அவர்களுக்கிருந்தன.

சிதம்பரத்தில் இவ்வாட்சியின் அடையாளங்கள் பல. காம்போஜ மன்னன் காட்சிப் பொருளாக அனுப்பிய கல் ஒன்று, குலோத்துங்கனின் ஆணைப்படி, நடராஜர் சந்நிதிக்கு முன்னுள்ள பகுதியில் பதிக்கப்பட்டதாக 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும். சகோதரி குந்தவை ஆழ்வார் பொன் வழங்கினார். மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் தில்லையிலிருந்து கடற்கரைக்குப் பாதை போட்டான். கடலாடும் விழாவுக்கு மண்டபமும் சமைத்தான். அவன் பணிகளைச் சிதம்பரத்திலும், கடலூருக்கு மேற்கே திருவதிகையிலும் கல்லில் காணலாம். வியாபாரத்தால் வந்த செல்வம் ஓரளவேனும் பாதையாகவும் குளமாகவும் ஜனங்களுக்குத் திரும்பிற்று.

இதே கரையில் அறுநூறு வருஷத்துக்குப் பின் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். கடலூருக்கருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னர் எலிஹு ஏல், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னன் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்கே சொந்தம் என்பது நிபந்தனை. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. படைச்செலவுக்குப் பணம் தேடிய அரசனும் முதல் வைத்திருந்த வியாபாரியும் செய்துகொண்ட உடன்படிக்கை இது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது, கம்பெனியின் சோழமண்டல அரசாங்கத்துக்கு இருப்பிடமாக உதவியது இக்கோட்டையே.

குலோத்துங்கனின் கடைசி நாட்கள் சிறப்பாக முடியவில்லை. கலிங்கத்தின் மேல் கருணாகரத் தொண்டைமான் நடத்திய படையெடுப்பைப் பரணி பாடிற்று. ஆயினும் சில வருஷங்களுக்குள் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்தான், வேங்கியும் கைநழுவிற்று. ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆண்டு, 1120ஐ அடுத்த ஆண்டுகளில் அவன் காலமானான். மகன் விக்கிரம சோழன் தில்லைக் கோயிலில் பொன் வேய்ந்தான். 1279ஆம் ஆண்டளவில் சோழ வம்சம் மறைந்தது. அதற்கிரண்டு வருஷம் கழித்து, 1281இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர் ஒரு சிவன் கோயில் எடுத்து, அச்செய்தியைத் தமிழ் எழுத்தில் கல்லில் பொறித்து வைத்தனர்.