கிறித்தியன் தொப்பிளர்

விண்மீன்களை நோக்கி எழுந்த சிந்தனையொன்று மனிதரின் வயிற்றினுள்ளே ஓடுங் குருதியை அளக்க உதவுகின்றதென்றால் வியப்பன்றோ? அச்சிந்தனைக்குரிய பௌதிக ஆசிரியர் கிறித்தியன் தொப்பிளரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

இன்றைய ஒஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பேர்க் நகரிலே, 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, கற்றச்சர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். உடல் நலிந்தவராதலின் குலத்தொழில் கைகூடவில்லை, கல்வியே கதியாயிற்று. வியன்னாவிற் கற்றுத் தேறியும் நிலையான பதவி வாய்க்காமையால், பருத்தி ஆலையொன்றிற் கணக்கெழுதினார். மனமுடைந்து அமெரிக்கா செல்ல ஆயத்தமான வேளையில், 1835இல் பிராக் நகரில் ஆசிரியப் பதவி கிட்டியது.

அந்நகரின் விஞ்ஞானக் கழகத்தில் 1842 மே 25இல் இரட்டை விண்மீன்களின் நிறம்பற்றிய கட்டுரையைப் படித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கின் அலையின் மீடிறன் உயர்ந்தும், விலகின் தாழ்ந்தும் தோன்றும் என்பதே அதன் சாரம். 1845இல் ஒல்லாந்து அறிஞர் பைஸ் பலோ, எக்காளம் ஊதுவோரைப் புகையிரதத்தில் ஏற்றி, ஒலியளவில் அது மெய்யென நிறுவினார். ஆயின் விண்மீன்களின் நிறத்துக்குத் தொப்பிளர் கூறிய காரணம் பொருந்தவில்லை. 1850இல் வியன்னாப் பல்கலைக்கழகப் பௌதிக நிலையத்தின் முதல் இயக்குநரான அவர், 1852இல் கணித அறிஞர் பெற்சுவாலின் கடுங் கண்டனத்துக்கு ஆளானார். நுரையீரல் நோய் முற்றி, 1853 மார்ச் 17இல், 49ஆம் வயதில், வெனிஸ் நகரிலே காலமானார்.

நூறாண்டு கழிந்தது. 1950களில் யப்பானின் ஒசாக்கா நகரில் சத்தோமுறாவும் துணைவரும், செவிக்கெட்டாத கழியொலியைச் செலுத்தி இதயத்தின் அசைவை இத்தத்துவத்தால் ஆராய்ந்தனர். வயிற்று நாடிகளை ஆராயும் முறையும் பின்னர் வளர்ந்தது. குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ செல்லும் நாடி கொழுப்புப் படிந்து ஒடுங்கின், உண்டபின் கொடிய வயிற்றுவலியும், மருந்துக்கடங்காத குருதியமுக்கமும் உண்டாகலாம். ஒடுங்கிய வாய்க்காலில் நீர் விரைவதுபோல் அவ்விடத்துக் குருதியும் விரையும். குருதிக் கலங்களிற் பட்டு மீளும் ஒலியின் மீடிறன் மாற்றம் அவ்விரைவைக் காட்டும். குடலின் முதன்மை நாடியிலே உச்ச விரைவு செக்கனுக்கு 275 சதமமீற்றரைத் தாண்டின், 70 வீதமேனும் ஒடுக்கம் உண்டென வைத்தியர் ஐயுறுவர். குடல்வாயு ஒலியை மறைக்குமாதலின் நோயாளர் வெறுவயிற்றுடன் செல்லல் வேண்டும். கத்தியுமில்லை, நோவுமில்லை.

தாம் கருதிய விண்மீன் நிறத்திலே தொப்பிளர் பிழைத்தார். தாம் கருதாத நோயாளர் பலரின் உயிரைக் காத்தார். இளைய மாணவர்காள்! ஆராய்ச்சியிலே ஒருகால் தவறினும் மனந்தளரற்க. மெய்யான தத்துவம், கண்டவர் மறைந்த பின்னரும் தனக்குரிய பணியைத் தேடிக்கொள்ளும்.