மல்லர் காமா

மற்போர் நம் நாட்டின் தொன்மையான வீர விளையாட்டுகளுள் ஒன்று. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயரைப் பெருமையுடன் பூண்டான். இக்காலத்தில் மல்லரைப் பயில்வான் என்று வழங்குகிறோம். இச்சொல் தமிழிலுள்ள பயில் என்னும் வினையடியாகப் பிறந்ததுபோலத் தோன்றும். ஆயினும், பஹல்வான் என்னும் பாரசீகச் சொல்லே இவ்வாறு திரிந்தது.

இரு மல்லர் கைகலந்து பொருவதைக் கண்டு களிப்போர் பலர். அவ்விருவரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியவர் யாவர், எந்த உடன்பாட்டின்மேல் நிறுத்தினர் என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஓட்டத்தில் வல்லவன் தனியே ஓடியும் தன் விரைவைக் காட்டலாம். மல்லனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவனை எதிர்த்து நிற்க மற்றொருவன் இசைதல் வேண்டும். களம் அமைப்போர் வேண்டும். பணயப் பொருள் வைப்போரும், வெற்றி தோல்வியைத் தீர்ப்போரும் வேண்டும். உலகம் போற்றிய மல்லராகிய காமாவின் வாழ்க்கையில், மற்போரில் வெல்லுதல் எளிதாயிருந்தது. தக்கதொரு மற்போர் வாய்த்தலே அரிதாயிருந்தது.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. அவர் 1878-ஆம் ஆண்டில் பஞ்சாபில் அமிர்தசரசைச் சார்ந்த பகுதியில் பிறந்தார் என்பர். காசுமீரத்திலிருந்து வந்து குடியேறிய முசுலிம் குடும்பம் அது. வழிவழியாக மற்போர் பயின்றது. தந்தையார் அசீஸ் பக்ஷும் மல்லரே. காமாவுக்கு ஆறு வயது நிரம்பும் அளவில் தந்தையார் மறைந்தார். அதன்பின் தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப்பின் மாமனாகிய ஈதா பயில்வானும் சிறுவனை வளர்த்துப் பயிற்சி அளித்தனர்.

1888-ஆம் ஆண்டில் சோத்பூர் மன்னர் பஸ்கி எடுக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர் வந்து கூடினர். ஒருவர் பின் ஒருவராக யாவரும் களைத்து ஒதுங்க, இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவனாகிய காமாவும் ஒருவன். மன்னர் அவ்விளமையைக் கருதி வெற்றியை அவனுக்கே வழங்கினார். பின்னர்த் ததியா நாட்டு மன்னர் அவனைத் தம் ஆதரவில் வைத்துக் காத்தார்.

அந்நாளில் வட இந்தியாவில் மற்போர்களைப் பொருத்தி வைத்தவர்கள் பெரும்பாலும் சிற்றரசர்களே. புலவர்களையும் இசைவாணர்களையும் புரந்ததுபோல மல்லர்களையும் அவர்கள் புரந்தனர். உணவும் பாலும் நெய்யும் பாதாமும் அரண்மனைச் செலவில் வந்தன. ஓர் அரசரின் மல்லன் மற்றோர் அரசரின் மல்லனை வென்றால், அவ்வெற்றி அரசருக்கே உரிய புகழாகக் கருதப்பட்டது. ஆதலின், அரசர் ஆணையிட்டபின் எதிரி பின்வாங்குதல் அரிது. நுழைவுச்சீட்டு விற்று வரும் பொருளை நம்பி அவ்வரசர்கள் போர் நடத்தவில்லை. அதனால் ஒரு மற்போர் அரை நிமிடத்தில் முடிந்தாலும், அரை நாள் நீடித்தாலும் அவர்களுக்கு இழப்பில்லை.

இவ்வாறு பொருத்தப்பட்ட போர்களுள் பெரியது காமாவுக்கும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுக்கும் இடையே நிகழ்ந்தது. ரஹீம் குஜ்ரான்வாலா ஊரினர். ஏறத்தாழ ஏழடி உயரமுடையவர். அந்நாளில் மல்லர் தலைவராக விளங்கியவர். காமாவோ ஐந்தடி ஏழங்குலமே உயரமுள்ள இளைஞர். 1895-ஆம் ஆண்டில் இருவரும் நெடுநேரம் பொருதும் வெற்றி தோல்வி காணப்படவில்லை. காமாவின் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1910-ஆம் ஆண்டுக்குள் ரஹீம் ஒருவரைத் தவிர, தம்மோடு பொருத இந்திய மல்லர் அனைவரையும் காமா வென்றுவிட்டார். இனிப் புதிய எதிரிகளைக் கடல் கடந்தே தேடவேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் மற்போரைப் பொருத்தி வைத்தோர் அரசர் அல்லர், வணிகர். இலண்டனில் அல்ஹாம்பிரா முதலிய நாடகக் கொட்டகைகளில் பாட்டும் கூத்தும் நிகழும் மேடையிலேயே மற்போரும் நிகழ்ந்தது. மல்லரை வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்து, செய்தித்தாள்களில் அறைகூவல் விடுத்து, மக்களிடம் ஆவலை மூட்டி, நுழைவுச்சீட்டு விற்றுப் பொருள் ஈட்டுவது இவ்வணிகரின் தொழில். அறைகூவல் விடுப்பவர் பணயத் தொகையை ஒரு செய்தித்தாள் நிலையத்தில் கட்டிவைப்பதும் உண்டு. 1904-ஆம் ஆண்டு சனவரியில், உருசியப் பேரரசிலிருந்து வந்த ஹக்கன்ஷ்மிட் என்னும் மல்லரும் துருக்கியர் மத்ராலியும் ஒலிம்பியா மண்டபத்தில் பொருதனர். பல நாள் விளம்பரம் செய்யப்பெற்று, பெருங்கூட்டம் திரண்டு, வண்டிகள் நகர இயலாமல் தெருக்கள் அடைபட்டன. அப்போரோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இத்தகைய விரைந்த வெற்றி மல்லனுக்குப் புகழ் தரும். ஆயினும், மாலைதோறும் கொட்டகையை நிரப்பவேண்டிய வணிகனுக்கு அது அவ்வளவு உவப்பானதன்று. ஹக்கன்ஷ்மிட்டின் பொறுப்பாளராயிருந்த காக்ரன் என்பவர், எதிரியை உடனே வீழ்த்திவிடாமல் சற்று நேரம் விளையாட்டுக் காட்டும்படி அவரைப் பழக்கினார்.

இத்தகைய சூழலில் 1910-ஆம் ஆண்டில், ஆர். பி. பெஞ்சமின் என்னும் வணிகர் காமாவையும் அவர் தம்பி இமாம் பக்ஷையும் வேறு சில இந்திய மல்லரையும் இலண்டன் மாநகருக்கு அழைத்துச் சென்றார். வங்காளத்துச் செல்வர் சரத்குமார் மித்திரர் பொருளுதவி புரிந்தார். சென்ற இடத்தில் காமாவுக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றமே. உயரம் போதாது என்று காரணங்காட்டி, அங்கு நடைபெறவிருந்த போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். இந்திய மன்னர்களின் அவைகளில் மல்லர் திலகமாய் விளங்கியவர், இலண்டனில் எதிரியின்றி வாளாவிருந்தார். நாடு விட்டு நாடு சென்ற மல்லனுக்கு இதனினும் கொடியது வேறென்ன?

வணிகரின் நாட்டில் வணிகரின் வழியையே கையாண்டனர். எத்துணை எடையுள்ளவராயினும் எவரேனும் மூன்று மல்லரை அரைமணி நேரத்துக்குள் வீழ்த்துவதாகக் காமாவின் பெயரால் அறைகூவல் வெளியாயிற்று. மக்கள் இதனை வெறும் விளம்பரப் பேச்சென்றே கொண்டனர், எவரும் முன்வரவில்லை. பின்னர்ப் பெயர் சுட்டியே அறைகூவல் விடுக்கப்பட்டது. அமெரிக்கரான பிராங்க் காச்சும், போலந்து நாட்டு ஸ்டனிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவும் தம்மோடு பொருதல் வேண்டும். தோற்பின் பரிசுத் தொகையைத் தாமே அளித்துவிட்டுத் தாயகம் திரும்புவதாகக் காமா அறிவித்தார். காச்சு அப்போது உலக வெற்றிவீரர் எனப்பட்டவர். 1908-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் ஹக்கன்ஷ்மிட்டை வென்றவர். அவர் காமாவோடு ஒருநாளும் பொருதாரில்லை. பட்டம் உடையவன் புதியவனோடு பொருதால் பெறுவது சிறிது, இழப்பதோ பெரிது. ஆகவே விலகி நிற்பதே அவனுக்கு ஊதியம் தருவதாகிறது. மற்போர் வணிகத்தின் இந்தக் கணக்கைக் காமாவின் தோள்வலியால் மாற்ற இயலவில்லை.

இறுதியில் பெஞ்சமின் ரோலர் என்னும் அமெரிக்கர் இசைந்தார். மருத்துவப் பட்டம் பெற்றவர். மற்போரிலும் புகழ் வாய்ந்தவர். உயரத்தாலும் எடையாலும் காமாவினும் பெரியவர். ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்த போரில் காமா அவரை முதன்முறை 1 நிமிடம் 40 விநாடியிலும், மறுமுறை 9 நிமிடம் 10 விநாடியிலும் வீழ்த்தினார். முன்னர்க் கதவடைத்தவர்கள் இப்போது கதவைத் திறந்தனர். இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்து மல்லர் ஜான் லெம்மைச் சில நிமிடங்களில் வென்றார்.

ஜான் புல் என்பது அந்நாளில் இலண்டனில் வெளிவந்த ஒரு வார இதழ். அதன் பெயரால் உலக வெற்றிவீரர்க்குரிய இடைக்கச்சு ஒன்றும், 250 பவுன் பரிசும் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்காகக் காமாவும் ஸ்பிஷ்கோவும் 1910 செப்டம்பர் 10-ஆம் நாள் ஷெப்பர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கில் எதிர்நின்றனர். போர் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் காமா எதிரியைத் தரையில் தள்ளினார். தள்ளப்பட்ட ஸ்பிஷ்கோ எழுந்து பொருதற்கு முற்படாமல், தம் பேருடலை விரிப்பின்மேல் குப்புறக் கிடத்தித் தரையைப் பற்றிக்கொண்டார். இரு தோள்களும் தரையில் பதிந்தாலன்றித் தோல்வியாகாது என்பது விதி. குப்புறக் கிடப்பவனைப் புரட்டுதல் எளிதன்று. அதிலும் ஸ்பிஷ்கோ காமாவினும் எடை மிக்கவர். காமா பல பிடிகளையும் முயன்றார். இடையிடையே சில முறை எழுந்த ஸ்பிஷ்கோ, மீண்டும் தரையையே சரண் புகுந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இவ்வாறே கழிந்தது. காண வந்தோர் சலிப்புற்றனர். போர் முடிவின்றி நிறுத்தப்பட்டது.

ஸ்பிஷ்கோ செய்ததைக் கோழைமை என்று இகழ்ந்தோர் பலர். விதிக்கு மாறாக அவர் யாதும் செய்திலர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் வெல்லும் கருத்தே இன்றித் தோலாமை ஒன்றையே நாடிக் கிடப்பதைப் போர் என்று கூற நம் உள்ளம் இசையவில்லை. ஒரு வாரங்கழித்து, செப்டம்பர் 17-ஆம் நாள், மறுபோர் குறிக்கப்பட்டது. காமா களத்துக்கு வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பரிசும் இடைக்கச்சும் காமாவுக்கு வழங்கப்பட்டன. உலக மல்லர் தலைவர் என்னும் பொருள்படும் ருஸ்தம்-இ-ஜமானா என்னும் பட்டம் அவருக்கு உரியதாயிற்று. பொருது பெறவேண்டிய பட்டத்தை எதிரி வாராமையாற் பெற்றார்!

அதன்பின் காமா தாயகம் திரும்பினார். அலகாபாத்தில் ரஹீம் பக்ஷோடு மீண்டும் பொருத நாளில் வெற்றி கண்டார். இந்திய மல்லர் தலைமை ஐயமின்றி அவருடையதாயிற்று. பின்னர்ப் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் ஆதரவில் வாழ்ந்தார்.

இதற்கிடையே அமெரிக்காவில் மற்போர் வணிகம் வேறு உருக்கொண்டது. எவன் வெல்லவேண்டும் என்பதைப் போர் நிகழுமுன்னரே பொருத்தி வைப்போர் முடிவு செய்துவிடும் வழக்கம் வேரூன்றியது. ஸ்பிஷ்கோவின் வரலாறே இதற்குச் சான்று. 1921-ஆம் ஆண்டில் எட் லூயிஸ் என்பவரை வென்று அவர் உலகப் பட்டம் பெற்றார். பிறகு அதை இழந்தார். 1925-ஆம் ஆண்டில் லூயிஸ் குழுவினர், வெய்ன் மன் என்னும் கால்பந்தாட்ட வீரரை வெற்றிவீரராக்கிக் காட்டிப் பெரும்பொருள் ஈட்ட எண்ணினர். மன் பேருருவினர், மற்போர்க் கலையில் தேர்ச்சி குறைந்தவர். ஸ்பிஷ்கோ அவரிடம் தோற்பது ஏற்பாடு. ஆனால் பிலடெல்பியாவில் நடந்த அப்போரில் ஸ்பிஷ்கோ, போட்டிக் குழுவினரோடு மறைவில் உடன்பட்டிருந்தமையால், மன்னைத் திரும்பத் திரும்ப வீழ்த்திப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். சில வாரங்களில் அதனை அக்குழுவினரின் மல்லராகிய ஜோ ஸ்டெக்கரிடம் தோற்றுக் கொடுத்தார். கூத்து என்று அமைக்கப்பட்ட இடத்தில் மெய்யான போர் நிகழ்ந்ததே அன்று வியப்பாயிற்று.

இத்தகைய ஸ்பிஷ்கோவும், இந்தியக் கோதாவை விட்டகலாத காமாவும் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்திக்குமாறு செய்தவர் பட்டியாலா மன்னர். 1928-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் பட்டியாலாவில் களம் அமைக்கப்பட்டது. பல்லாயிரவர் குழுமினர். இருவரும் ஐம்பது வயதை நெருங்கியவர்கள். இலண்டனில் விரிப்பின்மேல் பொருதவர்கள், இங்கு மென்மையாகப் பதப்படுத்திய மண்ணிற் பொருதனர். இம்மண் காமாவுக்குப் பழகியது, ஸ்பிஷ்கோவுக்குப் பழகாதது என்பதையும் நடுவுநிலை நின்று கூறவேண்டும். இம்முறை ஸ்பிஷ்கோவுக்குத் தரையைப் பற்றிக்கொள்ளவும் நேரம் வாய்க்கவில்லை. இரண்டரை மணி நேரத்தில் முடியாத போர், ஒரு நிமிடம் ஆகுமுன் முடிந்தது. ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணிற் பதிந்தது.

மறு ஆண்டில் ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பாரையும் காமா மிக விரைவில் வென்றார். அதன்பின் அவருக்கு எதிரி கிடைத்திலர். அகவை ஏறியது, பட்டம் அவரிடமே இருந்தது. தண்டாலும் பஸ்கியும் எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை. பொருவதற்கு நாள் குறிக்கப்படாத மல்லன், நாள்தோறும் போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான் என்று எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கின்றது.

1947-ஆம் ஆண்டில் நாடு பிரிவினையுற்றது. காமா இலாகூரில் வாழ்ந்தார். அவ்வூரில் கலகம் மூண்டபோது, தம் பகுதியில் வாழ்ந்த இந்துக்களுக்கு ஊறு நேராவண்ணம் அவர் தம்மவருடன் காவல் நின்றார். அரசர்கள் அரசிழந்தனர், அவர்கள் புரந்த மல்லரும் ஆதரவிழந்தனர். காமாவின் இறுதி நாட்கள் நோயிலும் வறுமையிலும் கழிந்தன. பாகிஸ்தான் அரசு உதவித்தொகை அளித்தது. எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவும் பொருள் அனுப்பி உதவினார். இமாம் பக்ஷின் மகன் போலு பயில்வான், குடும்பத்தின் மற்போர்க் கலையைத் தொடர்ந்து வளர்த்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் காமா இலாகூரில் காலமானார்.

பஸ்கி எடுக்கும்போது அவர் கழுத்தில் அணிந்த 95 கிலோ எடையுள்ள வளையம், பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.