நிலம் அளந்தவர், நிலம் அறிந்தாரா?



சர்வே கேம்ப் போய் வந்த நம் எல்லோருக்கும் ஒரு திமிர் உண்டு. தியோடலைட்டை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் ஊரே நம்ம கைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். கேம்ப்பில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், அந்தப் பள்ளத்தில் பெக் அடிக்காதீங்க தம்பி, மழை வந்தா தண்ணி நிக்கும் என்றார். சிரித்துவிட்டு அடித்தோம். ராத்திரி மழை. காலையில் ஒரு பெக்கையும் காணோம். அன்றைக்கு எங்கள் சார் சொன்ன பெயர்தான் வில்லியம் ஜான் வில்ஸ். அவரும் சர்வேயர்தான். தேடிப் படித்தேன். படித்த பிறகு அந்தப் பெரியவர் முகம் மனசைவிட்டுப் போகவில்லை.

வில்ஸ் 1834-இல் இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். 1853-இல் ஆஸ்திரேலியா வந்தார். முதலில் ஆட்டுப் பண்ணையில் வேலை. பிறகு சர்வே கற்றார். மெல்போர்னில் நாய்மேயர் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் வானாய்வுக்கூடத்தில் உதவியாளர் ஆனார். நட்சத்திரத்தைப் பார்த்து, நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதில் கெட்டிக்காரர்.

1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்னிலிருந்து ஒரு பெரும் படை கிளம்பியது. தெற்கிலிருந்து வடக்குக் கடல்வரை கண்டத்தைக் கடப்பது திட்டம். தலைவர் பர்க். ஒட்டகம், குதிரை, வண்டி, டன் கணக்கில் சாமான். வில்ஸ்தான் சர்வேயர். பிறகு துணைத்தலைவரும் ஆனார்.

கூப்பர் ஓடைக்கரையில் ஒரு கூட்டத்தை நிறுத்திவிட்டு, டிசம்பர் 16 அன்று பர்க், வில்ஸ், கிங், கிரே என நாலு பேர் மட்டும் வடக்கே போனார்கள். 1861 பிப்ரவரியில் வளைகுடாவை நெருங்கினார்கள். சதுப்பு நிலம் மறித்ததால் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் கிரே இறந்தார். அவரைப் புதைக்க ஒரு நாள் போயிற்று. ஏப்ரல் 21 சாயங்காலம் ஓடைக்கு வந்தால் முகாம் காலி! நாலு மாதம் காத்திருந்த கூட்டம் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தது.

தெற்கே போகப் பார்த்தார்கள். ஒட்டகம் செத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை, மறுபடி ஓடைக்கே வந்தார்கள்.

வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த அந்த இடம் உண்மையில் காலியிடம் இல்லை. யந்த்ருவந்தா என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது. எங்கோ குவீன்ஸ்லாந்தில் பெய்யும் மழை வெள்ளமாக இந்த ஓடைக்கு வரும். வெள்ளத்தோடு மீன் பெருகும், பறவை வரும். நார்டூ என்ற செடி தண்ணீரில் நாலு இலையோடு படரும். நம்ம வயலில் கிடக்கும் ஆரைக்கீரையின் நெருங்கிய சொந்தம் அது. தண்ணீர் வற்றினாலும் அதன் கடினமான வித்துக்கூடுகள் சேற்றில் வருஷக்கணக்கில் தாங்கும், அடுத்த வெள்ளத்தில் முளைக்கும். வறட்சிக்கு அந்தச் செடி கண்டுபிடித்த வழி அது. அதையே உணவாக்கியது அந்த மக்களின் வழி.

அவர்கள் வில்ஸுக்கு மீனும் நார்டூ அடையும் கொடுத்து உபசரித்தார்கள். தனியாகப் போய் அவர்களோடு சில நாள் தங்கிய வில்ஸ், அந்த அன்பை டைரியில் எழுதி வைத்தார். ஆனால் பர்க்குக்குச் சந்தேகம். ஒருமுறை அவர்கள் கொண்டுவந்த மீனைத் தட்டிவிட்டார். துப்பாக்கியும் வெடித்தது. அவர்கள் விலகிப் போய்விட்டார்கள்.

மூன்று பேரும் தாங்களே நார்டூ பொறுக்கி, அரைத்து, வயிறு நிறையத் தின்றார்கள். அப்படியும் உடம்பு தேய்ந்தது. நாடித்துடிப்பு 48-க்கு இறங்கியதை வில்ஸ் எழுதினார். காரணம் புரியவில்லை. நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உடம்பின் பி1 வைட்டமினை அழித்துவிடும். இவர்கள் பெரிபெரி நோயால் நலிந்தார்கள் என்று 1994-இல் நேச்சர் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். யந்த்ருவந்தா மக்கள் தண்ணீர் விட்டு அரைத்துப் பக்குவம் செய்து, மீன், சிப்பி எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொருள் ஒன்றுதான், செய்முறைதான் வேறு!

ஜூன் கடைசியில் வில்ஸால் நடக்க முடியவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நார்டூவும் தண்ணீரும் வைத்துவிட்டு, மற்ற இருவரும் அந்த மக்களைத் தேடிப் போனார்கள். வில்ஸ் தனியாகவே இறந்தார். வயது 27. பர்க்கும் வழியில் இறந்தார். கிங் மட்டும் யந்த்ருவந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் தங்களோடு வைத்துச் சோறு போட்டார்கள். செப்டம்பர் 15 அன்று மீட்புக் குழு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

வில்ஸை நான் குறை சொல்லவில்லை. சாகும் தறுவாயிலும் குறிப்பு எழுதியவர் அவர். அந்த மக்களிடம் கற்கவும் ஆரம்பித்திருந்தார், காலம்தான் போதவில்லை. நமக்குக் காலம் இருக்கிறது நண்பர்களே. டிப்ளமோ முடித்து நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் செயினோடு இறங்கும்போது, முதலில் அந்த ஊர்க்காரரிடம் ரெண்டு வார்த்தை கேட்போம். பிறகு பெக் அடிப்போம்.