கண்டதைக் காட்டிய கஹால்

உடலுறுப்புகளுள் தலையாயது மூளை. நினைத்தல், அறிதல், மகிழ்தல், வருந்துதல் ஆகிய அனைத்திற்கும் அதுவே நிலைக்களம். எனினும், அதன் நுண்ணிய அமைப்பு நெடுங்காலம் மக்கள் அறிவுக்கு எட்டாததாகவே இருந்தது. அதனைத் தெளிவுறக் காட்டிய பெருமை ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ராமோன் இ கஹால் என்பாரைப் பெரிதும் சாரும்.

கஹால் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் பெத்தில்யா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர், கண்டிப்பு மிக்கவர். மைந்தரோ ஓவியத்தில் தணியாத வேட்கை கொண்டவர். ஓவியம் சோறிடாது என்பது தந்தையார் கருத்து. பள்ளியில் குறும்பு மிகுந்து திரிந்த மகனை அவர் முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பழக விடுத்தார். பின்னர், 1868ஆம் ஆண்டுக் கோடையில், பழைய இடுகாட்டில் கிடந்த எலும்புகளைத் தேடியெடுத்து உடற்கூற்றியலைத் தாமே கற்பிக்கலானார். எலும்புகளை வரைந்து வரைந்து கற்ற கஹாலுக்கு அக்கல்வி இனித்தது. விலக்கப்பட்ட ஓவியமே மருத்துவக் கல்விக்கு வாயிலாயிற்று.

1873இல் சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், படை மருத்துவராகக் கியூபாத் தீவுக்குச் சென்றார். அங்கு மலேரியாவால் நலிந்து, 1875இல் தாயகம் மீண்டார். படையில் ஈட்டிய பொருளில் எஞ்சியதைக்கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார். 1887இல் பார்சலோனாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அக்காலத்தில், நரம்புகள் யாவும் பிரிவின்றி இணைந்த ஒரே வலை என்று அறிஞர் பலர் நம்பினர். இத்தாலியப் பேரறிஞர் காமில்லோ கோல்ஜியும் அவ்வாறே கருதினார். 1873இல் அவர் ஒரு புதுமுறை கண்டிருந்தார். மூளைத் துணுக்கை உப்புக் கரைசலில் இறுகச் செய்து, வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தால், எண்ணிறந்த உயிரணுக்களுள் ஒரு சில மட்டும் கருநிறம் பெற்று முழு வடிவுடன் தோன்றும். கஹால் அம்முறையையே மேற்கொண்டார். முதிர்ந்த மூளையில் இழைகள் பின்னிக் கிடந்தமையால், பறவைக் குஞ்சுகளின் மூளையையும் கருக்களின் மூளையையும் ஆராய்ந்தார். நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு. ஒன்றையொன்று நெருங்குமேயன்றி ஒன்றாகக் கலப்பதில்லை என்னும் உண்மை புலனாயிற்று. கண்டவற்றைத் தம் கையாலேயே வரைந்தார். 1888இல் தம் செலவிலேயே ஓர் இதழ் தொடங்கி, 60 படிகள் அச்சிட்டு, பிற நாட்டு அறிஞர்க்கு அனுப்பினார்.

ஸ்பானிய மொழியில் அமைந்த அவ்விதழைக் கற்றோர் சிலரே. கஹால் தளர்ந்தாரல்லர். 1889இல் பெர்லின் நகரில் கூடிய அறிஞர் அவைக்குத் தம் பொருளைச் செலவிட்டுச் சென்றார். பேச்சால் வெல்ல முயலாது, துணுக்குகளை நுண்ணோக்கியில் அமைத்துக் காட்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் நேரிற் கண்டு வியந்தார். அவருடைய ஆதரவால் கஹாலின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1906இல் நோபெல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரே மேடையில் பரிசு பெற்றும், கோல்ஜி தம் வலைக் கொள்கையை விட்டாரல்லர். எனினும், பிற்காலத்து எலக்ட்ரான் நுண்ணோக்கி கஹால் கூற்றையே மெய்ப்பித்தது.

வெட்டுண்ட நரம்பு மீளத் தளிர்க்குமா என்பதையும் கஹால் ஆராய்ந்து, 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரு பெருநூல்கள் வெளியிட்டார். கை கால்களின் நரம்பு மீண்டும் வளரக் கண்டார். முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வாக்கம் நிலைபெறக் கண்டிலர். கண்டவாறே எழுதினார். ஆயினும், இந்நிலையை மாற்றும் கடமை வருங்கால அறிவியலுக்கு உரியது என்றும் குறித்துச் சென்றார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் மறைந்தார்.

1992இல் கனடா நாட்டு ஆய்வாளர், வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து நரம்பணுக்களைத் தோற்றுவிக்கவல்ல குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினர். முதிர்ந்த மனித மூளையில் புது நரம்பணுக்கள் எவ்வளவு தோன்றுகின்றன என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. 

மாணவர்களே! கண்டதை மறையாது உரைத்தலும், காணாததற்குக் கதவடையாது விடுத்தலும் ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாத பண்புகள். அவ்விரண்டும் கஹாலிடத்து ஒருங்கே விளங்கின. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய பணி நும் போன்ற இளைஞர்க்காகக் காத்திருக்கிறது.